அம்மா வேற ஆளாகப் பதில் சொன்னாள்

ஜூன் 2, திங்கள்

நாட்குறிப்பு எழுதுவது என் யோசனை இல்லை. நஸ்ரினின் உத்தரவு. "களப்பணிக்குப் போறவங்க எழுதிப் பழகணும் அக்கா. பார்த்தது, கேட்டது. நீங்க நினைச்சதை எழுதாதீங்க, அது யாருக்கும் வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். எம்.பி.பி.எஸ். படிக்கும்போது இவள் எனக்கு ஜூனியர். அனாடமி வைவாவுக்கு முன்னால் என் அறை வாசலில் அழுதுகொண்டு நின்றவள். இப்போது சமுதாய மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியர், என் பொதுச் சுகாதாரப் படிப்புக்கு வழிகாட்டி. அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என் கட்டுரையில் சிவப்பு மையால் கோடு போடுகிறாள்.

முறையாகத் தொடங்குகிறேன். நான் உலகம்மாள். குழந்தைகள் நலத்தில் எம்.டி. இரண்டாம் ஆண்டு. கூடவே பொதுச் சுகாதாரத்தில் எம்.பி.எச். இரண்டையும் சேர்த்தே படிக்கலாம் என்று எங்கள் கல்லூரியில் புதிதாக ஒரு திட்டம் வந்தபோது கை தூக்கியவர்கள் இரண்டு பேர். மற்றவர் ஒரே மாதத்தில் கையை இறக்கிவிட்டார். "பேர்லயே உலகம் இருக்கு, உலக சுகாதாரத்த நீ பாக்காம யாரு பாப்பா?" என்று என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் ஓசூரிலிருந்து கேலி செய்கிறார். அவருக்கு அங்கே கம்பெனி வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறார்.

பிரசவ விடுப்பு முடிந்து போன வாரம் திரும்பினேன். தாமிராவுக்கு ஆறு மாதம். அம்பாசமுத்திரத்தில் அம்மாவிடம் விட்டிருக்கிறேன். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. இது பார்த்ததிலும் சேராது, கேட்டதிலும் சேராது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

வார்டில் முப்பிடாதி என்று ஒரு தாய். ஐந்து மாதப் பையனுக்கு நிமோனியா. இது முதல் தடவையும் இல்லை, இரண்டாவதும் இல்லை. ஊசி போட்டால் கொஞ்சம் தணிகிறது, வீட்டுக்குப் போகிறான், மறுபடியும் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறான். "மருந்த ஒழுங்கா குடுத்தியா?" என்று சத்தம் போட்டேன். "குடுத்தேம்மா" என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

எனக்குச் சத்தம் அதிகம் என்று வார்டில் பேர். ஏசினால்தான் இவர்களுக்கு ஏறும். ஏசி முடித்ததும் நான் மறந்துவிடுவேன், அவர்களும் மறந்துவிடுவார்கள்.

கேன்டீனில் இன்றும் உப்புமா. களப்பணி நாளுக்கு அனுமதி கேட்கப் போனால் எங்கள் யூனிட் சீஃப் ஞானதீபம் மேடம் தலையைத் தூக்காமலே, "வார்டுல இருக்கிறப்ப வார்டுல இரு. எனக்கு அரை டாக்டர் வேண்டாம்" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் தாமிராவுக்குக் குளியல் முடிந்து, தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். குளிப்பாட்ட செல்லத்தாய் அக்கா வருகிறாள். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளெல்லாம் அவள் காலில் கிடந்து குளித்தவர்கள்தான். நானும் உட்பட.

விடுப்பு முடிந்து கிளம்பும்போதே அம்மாவிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். வசம்பு உரைத்துக் கொடுக்கக் கூடாது, கிரைப் வாட்டர் கூடாது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் கூடாது, சாம்பிராணி கூடாது. எல்லாவற்றுக்கும் "சரிட்டி" என்றாள். அம்மா என்னை எதிர்த்துப் பேசியதே கிடையாது. என் தோழிகள் எல்லாம் வீட்டில் நடக்கும் சண்டையைச் சொல்லும்போது, அந்த விதத்தில் நான் கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன்.

தாமிரா தூக்கத்தில் இரண்டு தடவை இருமினாள். பால் மாறியிருக்கிறது, வீடு முழுக்கப் புழுதி, இருமத்தான் செய்யும். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், பிறகு அம்மாவிடம் கையை நீட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணில் தூசி விழுந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

தாமிராவுக்கு இருமல் இன்னும் இருக்கிறதாம். ஃபோனிலேயே மருந்து சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

முப்பிடாதியின் பையன் வீட்டுக்குப் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டான். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் அதே இடத்தில் அதே நிழல். காசநோய்க்கு மருந்து தொடங்கலாமா என்று ஒரே பேச்சு. சீஃப் ஒத்துக்கொள்ளவில்லை. "பரிசோதனையில கிருமி வரல, வீட்ல யாருக்கும் இல்ல. தெரியாம மருந்த ஆரம்பிக்காத. சி.டி. ஸ்கேன் எடு" என்றார். ஏசுவதில் எனக்குக் குரு என்றாலும், அவர் கண் தப்பாது.

பரீட்சைக்குப் பணம் கட்டச் சொல்லி நினைவூட்டல் வந்திருக்கிறது. நீல நிறச் சுடிதாருக்குத் தையல் விட்டுவிட்டது. அம்மா ஃபோனில், "பிள்ள நல்லா இருக்கா, நீ ஒன் சோலியப் பாரு" என்றாள். பின்னால் இருமல் கேட்டது. அது தாமிராவா, அப்பாவா என்று கேட்டேன். அப்பாதான் என்றாள்.

அப்பாவின் இருமல் எனக்குத் தெரியும். சரி, ஃபோனில் குரல் மாறித்தான் கேட்கும்.

ஜூன் 20, வெள்ளி

சி.டி. வந்துவிட்டது. சீஃப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். நிழல் இருக்கும் இடத்தில் இருப்பது சளி இல்லை, கொழுப்பு. பையனின் நுரையீரலுக்குள் எண்ணெய் போயிருக்கிறது. கிருமியே இல்லாத நிமோனியா. எத்தனை ஊசி போட்டாலும் அது போகாது. எண்ணெயை நிறுத்தினால்தான் மெதுவாகக் கரையும்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முப்பிடாதியிடம் போனோம். "மூக்குல எண்ணெய் விட்டியா?" என்று சீஃப் கேட்டார். "இல்லம்மா." நான் கேட்டேன். "பொய் சொல்லாத. பிள்ள உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். விட்டியா, இல்லையா?" "சத்தியமா இல்லம்மா" என்று அழுதாள். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

இப்படி ஒரு அழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. படம் சொல்கிறது, வாய் சொல்ல மறுக்கிறது.

ஜூன் 23, திங்கள்

கோபம் ஆறாமல் நஸ்ரினிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "மத்த யூனிட்ல இந்த மாதிரிக் குழந்தைங்க இருக்காங்களா அக்கா?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் வார்டில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அட்மிஷன் நாள் தனி. திங்களன்று வரும் பிள்ளை ஒரு டாக்டருக்கு, செவ்வாயன்று வரும் பிள்ளை இன்னொருவருக்கு. ஒரே தெருவிலிருந்து மூன்று பிள்ளைகள் மூன்று நாளில் வந்தால் மூன்று பேர் தனித்தனியாகத் தலையைச் சொறிவோம். அவரவர் கட்டில் அவரவருக்கு. போய் விசாரித்தேன். திரும்பத் திரும்ப வரும் நிமோனியா எல்லா யூனிட்டிலும் இருக்கிறது. அவரவர் தங்களுக்கு மட்டும் வாய்த்த தலைவலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இதுதான் உங்க ஆய்வு" என்றாள் நஸ்ரின். உட்கார்ந்து கேள்விகள் எழுதினோம். என் முதல் கேள்வியையே அடித்துவிட்டாள். "'மூக்கில் எண்ணெய் விடுவீர்களா?' இது போலீஸ் கேக்கிற கேள்வி அக்கா. எந்த அம்மாவும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க. எப்படிக் குளிப்பாட்டுவீங்கன்னு கேளுங்க. அவங்களே சொல்லிட்டு வருவாங்க. ஏன்னு கேட்டா, அதுக்கப்புறம் வாயை மூடிட்டு இருங்க. எவ்வளவு நேரமானாலும்."

ஆரம்பத்தில் சொல்ல ஒரு முன்னுரையும் எழுதிக் கொடுத்தாள். சரி தப்பு இல்லை, திட்ட மாட்டோம் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. திட்டாமல் எப்படி மருத்துவம் பார்ப்பது?

ஜூன் 26, வியாழன்

அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா ஃபோனை எடுத்துவிட்டார். பேச்சுவாக்கில், "அன்னைக்குக் காய்ச்சல் அடிச்சப்ப டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போனோம்லா, அந்த மருந்து முடிஞ்சிட்டு" என்றார். எந்தக் காய்ச்சல்? எந்த டாக்டர்? எனக்கு ஒன்றுமே தெரியாது.

அம்மா வந்ததும் பிடித்து விளாசிவிட்டேன். "நான் ஒருத்தி குழந்தை டாக்டர் இருக்கேன், எங்கிட்ட சொல்ல மாட்டியா?" அவள், "ஒண்ணுமில்லட்டி, லேசாத்தான்" என்றாள். ஃபோனை வைத்துவிட்டேன்.

கோமதிநாயகம் மாலையில் கூப்பிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "ரெண்டுல ஒண்ண விட்டுட்டா என்ன உலகு? பிள்ளைய நீ கூட வச்சுக்கலாம்லா." அவர் தப்பாகச் சொல்லவில்லை. நானும் தப்பாக எதுவும் சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயமாக இருக்கிறது. எதை விட்டாலும் பாதி ஆளாகிவிடுவேன் என்று பயம். எதையும் விடாவிட்டால் தாமிராவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அதைவிடப் பயம்.

வெறும் சளிதான்.

ஜூன் 29, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நஸ்ரின் சொன்ன மாதிரி, கேட்டதை மட்டும்.

டியூட்டி இருந்ததால் ஊருக்குப் போகவில்லை. கேள்விகளைத் தாய்மாரிடம் கொண்டுபோகும் முன்னால், ஆய்வில் சேராத யாரிடமாவது ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும், எங்கே இடறுகிறது என்று தெரிந்துகொள்ள. வார்டில் உள்ளவர்கள் எல்லாம் ஆய்வுக்கு வேண்டியவர்கள். அதனால் மத்தியானம் ஓய்வறையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அன்றைக்கு ஃபோனை வைத்ததைப் பற்றி இருவருமே பேசவில்லை.

"படிப்புக்கு ஒரு உதவிம்மா. சில கேள்வி கேப்பேன், பதில் சொல்லணும்."

"எனக்கு என்னட்டி தெரியும்? அப்பாட்ட குடுக்கட்டா?"

"வேண்டாம். பிள்ளைய யாரு பாக்காங்களோ அவங்கதான் சொல்லணும்."

"மார்க்கு உண்டா?"

"எனக்கு உண்டு. உனக்குக் கிடையாது."

"அப்பம் சரி. கேளு."

முன்னுரையை வாசித்தேன். "வணக்கம். என் பெயர் உலகம்மாள். குழந்தைகளை எப்படிக் குளிப்பாட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பழக்கம் இருக்கும். இதில் சரி, தப்பு என்று எதுவும் இல்லை. யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டோம். விருப்பம் இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டாம்."

அம்மா கேட்டாள். "உலகு, நான் ஒன் அம்மையா சொல்லணுமா, வேற ஆளா சொல்லணுமா?"

"வேற ஆளுன்னு வச்சுக்கோங்க."

நான் 'வச்சுக்கோங்க' என்றதும் சிரித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்புறம் வந்த குரல் பேங்கில் போய்ப் பேசும் குரல். "சரிங்க, கேளுங்க."

குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன். "ஏழு நடக்குங்க. பொம்பளப் பிள்ள." யார் குளிப்பாட்டுகிறார்கள்? "செல்லத்தாயின்னு ஒருத்தி வருவாங்க. நல்ல கைங்க." எப்படிக் குளிப்பாட்டுவார்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன்.

சொன்னாள். எவ்வளவு அழகாகச் சொன்னாள் என்பதை எழுதியே ஆக வேண்டும். பலகை போட்டு, காலை நீட்டி, அதில் பிள்ளையைக் கிடத்தி, தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து நெஞ்சு, முதுகு, கை, கால் என்று உருவி, தலையைத் தாங்கி வெந்நீரை வளைத்து ஊற்றி. "பொறவு மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெ விட்டு ஊதி எடுப்பாங்க. பிள்ள வீல்னு கத்தும். கத்துனாத்தான் சளி வெளிய வரும்பாங்க. இப்பம் இருமல் இருக்கதுனால கொஞ்சம் கூடவே விடுதாங்க."

தாளில் அடுத்த கேள்வி இருந்தது. அதை வாசித்தேன். "இதை எப்போதிலிருந்து செய்கிறீர்கள்?"

"தொப்புள்கொடி விழுந்ததுல இருந்துங்க. பிள்ளயப் பெத்தவ தூங்குத நேரமாப் பாத்து, கொல்லையில வச்சுக் குளிப்பாட்டிருவோம்."

"மருத்துவர் யாரிடமாவது இதைச் சொன்னதுண்டா?"

"இல்லைங்க. எங்க மவளே டாக்டருதான். அவட்டயும் சொல்லல."

"ஏன்?"

வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"ஏசுவாங்க" என்றாள் அம்மா. "பாவம், அவளுக்கு ஆயிரம் சோலி. ரெண்டு படிப்பு படிக்கா. இங்க வந்துட்டுப் போகும்போது பஸ்ஸுல அழுதுகிட்டே போவா. நமக்குத் தெரியாதுன்னு அவ நெனப்பு. பிள்ளைக்கு ஒண்ணுன்னா அவளுக்கு அவ மேலதாங்க கோவம் வரும். அத நம்ம மேல காட்டிருவா. அதான், எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிருவேன். இருமலக் கேட்டுட்டான்னா அவுக அப்பான்னு சொல்லிருவேன்."

தாளில் கடைசி வரி பாக்கி இருந்தது. "உங்கள் நேரத்துக்கு நன்றி" என்றேன்.

"முடிஞ்சுட்டா? நல்லா சொன்னேனாட்டி?"

"நல்லா சொன்ன. அம்மா, நாளைக்குக் காலைல வாரேன். பிள்ளைய இங்க கூட்டிட்டு வந்துருவோம். அதுவரைக்கும் மூக்குல எண்ணெ மட்டும் வேண்டாம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. குரல் பேங்கிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. "ஏசுதியா?"

"இல்லம்மா. ஏசல."

ஃபோனை வைத்த பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பஸ் இல்லை, தூசியும் இல்லை.

ஜூன் 30, திங்கள்

கூட்டி வந்துவிட்டேன். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். இத்தனை நாளும் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் வைத்தேன். இவளுக்கு ஃபோனிலேயே மருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

வலது பக்கம் மேலே கரகரவென்று சத்தம்.

ஜூலை 1, செவ்வாய்

சீஃப் முன்னால் தாமிராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "டாக்டரா உக்காந்திருக்கியா, அம்மாவா உக்காந்திருக்கியா?" என்றார். அம்மாவா மேடம் என்றேன். "அப்ப கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இருமல் எத்தன நாளா?"

"ரெண்டு வாரமா மேடம்."

பின்னால் நின்றிருந்த அம்மா, "மாசத்துக்கு மேலயே இருக்கும்மா" என்றாள்.

சீஃப் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. வாய் தானாகக் குறைத்துச் சொல்லிவிட்டது. ஏசுவாரே என்று. முப்பிடாதி ஏன் சத்தியம் செய்தாள் என்பது அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது.

ஆச்சரியம், சீஃப் ஏசவில்லை. சி.டி.யில் அதே கொழுப்பு. ஆனால் முப்பிடாதியின் பையனுக்கு இருப்பதைவிடக் குறைவு. "சீக்கிரம் பிடிச்சுட்டோம். எண்ணெயை நிறுத்து, ஆக்ஸிஜன் பாத்துக்கோ, காத்திரு. காத்திருக்கிறதுதான் இதுல வைத்தியம். ஒனக்கு அதுதான் வராது" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

வார்டில் அம்மாக்கள் படுக்கும் பாயில் நானும் படுக்கிறேன். முப்பிடாதி பக்கத்துப் பாய். முதல் நாள் என்னைப் பார்த்து மிரண்டாள். இன்று அவளே இட்லிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.

"ஒங்க பிள்ளைக்கும் அதேதானாம்மா?"

"அதேதான். எங்க வீட்லயும் எண்ணெ விட்டிருக்காங்க. எனக்கே தெரியாது."

கொஞ்ச நேரம் அவள் பையனின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். "எங்க தெருவுல எல்லாப் பிள்ளைக்கும் விடுவோம். நல்லதுன்னுதான் விட்டேன். நீங்க அன்னைக்குக் கையில படத்த வச்சுக்கிட்டு நின்னிய. ஆமான்னு சொன்னா பிள்ளைய நானே கொன்னேன்னு ஆயிரும்லா?"

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னம்மா, இட்லி ஆறிரும்" என்றாள்.

ஜூலை 12, சனி

தாமிராவுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. இன்று முதல் ஆக்ஸிஜன் இல்லை. மூக்குக் குழாயை எடுத்ததும் அதைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். கோமதிநாயகம் ஓசூரிலிருந்து வந்திருக்கிறார். அவரும் நானும் வெளியே போய் டீ குடித்தோம். அப்பாடா என்று அவர் பெஞ்சில் சாய்ந்தபோது சட்டையெல்லாம் பால் வாடை.

"ரெண்டுல ஒண்ண விடச் சொன்னேம்லா" என்றார். "அந்த ரெண்டாவது படிப்பு இல்லேன்னா இன்னும் இருமல் மருந்துதான் குடுத்துட்டு இருந்திருப்போம்." அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நஸ்ரின் வந்து பார்த்தாள். தாமிராவைத் தூக்கிக் கொஞ்சினாள். போகும்போது தயங்கித் தயங்கி, "அக்கா, கேள்விகளைச் சோதிக்கிறப்ப வந்த பதிலை ஆய்வுல சேர்க்கக் கூடாது. அம்மா சொன்னது கணக்குல வராது" என்றாள். இவளைத் திட்டலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்திருக்கிறோம். செல்லத்தாய் அக்கா வாசல் வரைக்கும் வந்து உள்ளே வராமல் நின்றாள். என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டாள். "ஒனக்கும் இப்படித்தாம்ட்டி குளிப்பாட்டுனேன். நீ டாக்டரா வரலியா?"

பழைய உலகம்மாளாக இருந்தால் நுரையீரல் படம் போட்டு விளக்கியிருப்பேன். முன்னுரையை மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். "அக்கா, ஒன் கை மாதிரி கை யாருக்கு வரும்? நீதான் குளிப்பாட்டணும். மூக்குல மட்டும் எண்ணெ வேண்டாம். அது சளிய எடுக்கல, உள்ள போயிருது. ஊதவும் வேண்டாம்."

"ஒடம்புக்கு?"

"ஒடம்புக்குத் தேய்."

"காதுக்கு?"

"வேண்டாம்."

"சாம்பிராணி?"

"வேண்டாம்."

"அப்பம் என்னதாண்டி இருக்கு? கன்னத்துல ஒரு மைப்பொட்டாவது வைக்கலாமா?"

"கன்னத்துல வச்சுக்கோ."

"பெருசாத்தான் வைப்பேன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். தாமிரா அவள் காலில் படுத்துக் குளித்தாள். அலறவே இல்லை. செல்லத்தாய்க்கு அதுதான் அதிசயம். "என்னட்டி, சத்தத்தக் காணும்?" என்று தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எல்லா யூனிட்டிலும் கேட்டு முடித்தோம். ஏறத்தாழ எல்லா அம்மாக்களும் எண்ணெய் விடுவதைச் சொன்னார்கள். ஒருத்திகூட அழவில்லை. குளிப்பாட்டும் பெண்கள் எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு கூட்டம் போடுகிறோம். அவர்களிடம் பேசப்போவது நானில்லை. செல்லத்தாய் அக்காவுக்குப் பஸ் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

சீஃப் களப்பணி அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். "அரை டாக்டர்னு சொன்னேன்ல, வாபஸ்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இன்று முழுக்க வார்டில் மிதந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தாமிராவுக்கு எக்ஸ்ரே. நிழல் இல்லை. முப்பிடாதியின் பையனுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் கரைந்துகொண்டிருக்கிறது. அவன் எடை கூடியிருக்கிறது. அவளும் நானும் எக்ஸ்ரே அறை வாசலில் நின்று, இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "ஒங்க பிள்ளைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

தூங்க வேண்டும். எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு எடுத்தாகிவிட்டது. அம்மாவும் தாமிராவும் என்னோடு. அப்பா சனிக்கிழமை தோறும் ஊரிலிருந்து முருங்கைக்காயும் கையுமாக வந்துவிடுகிறார். தாமிரா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பரீட்சைக்கு இன்னும் ஒரு பாடமும் முடியவில்லை. எனக்கு என்னவோ பதற்றமே வரவில்லை.

ஆய்வின் இரண்டாம் சுற்றுக் கேள்விகள் தயார். பழக்கம் மாறியிருக்கிறதா என்று அதே தாய்மாரிடம் கேட்க வேண்டும். வழக்கம்போல முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். மடியில் தாமிரா. நான் எதுவும் சொல்வதற்கு முன்னால், "வேற ஆளா சொல்லணும், அதான?" என்றாள்.

முன்னுரை வாசித்தேன். கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். யார் குளிப்பாட்டுகிறார்கள்? "நாந்தாங்க. செல்லத்தாயி ஊருலயே இருந்துட்டாங்க. அவுகளுக்கு இப்பம் கூட்டத்துல பேசுற சோலி ஜாஸ்தி." மூக்கில்? "ஈரத் துணியால தொடைக்கதோட சரிங்க. கன்னத்துல பொட்டு மட்டும் வைப்பேன்." தாமிராவின் கன்னத்தில் இருந்த பொட்டு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது.

தாளில் இருந்தது முடிந்தது. அதில் இல்லாத ஒன்றையும் கேட்டேன். "உங்க மகள்ட்ட இப்போ எல்லாத்தையும் சொல்லுவீங்களா?"

அம்மா தாமிராவின் கன்னத்துப் பொட்டை ஒருமுறை சரிசெய்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. தாமிரா என் பேனாவுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுதேங்க" என்றாள். "இப்பம்லாம் அவ ஏசுததில்ல. ஏசுனாலும் ஃபோன வைக்காம ஏசுதா. அது போதுங்க."

எழுதிக்கொண்டேன். "உங்கள் நேரத்துக்கு நன்றி" என்று சொல்லித் தாளை மடித்தேன்.

"அதுக்குள்ள எந்திரிக்கீங்களே" என்றாள் அம்மா, அதே பேங்க் குரலில். "இருங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

நான் எங்கேயும் போகப்போவதில்லை, இந்த வீடுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டேன்.